‘எனக்கில்லை, நண்பர் ஒருவருக்கு’: ஆண்களின் மனச்சோர்வு, கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் 11 வருடமாக உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். ஆண்களின் மனச்சோர்வைப் பற்றிக் கேளுங்கள் என்று போன கிழமை சொன்னதற்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி ‘நண்பர் ஒருவருக்கு’ என்றுதான் தொடங்கின. சரி, நண்பருக்கே பதில் சொல்கிறேன். நான் உளமருத்துவர் இல்லை, குளிசை எழுதுவதில்லை, அதைப் பற்றிச் சொல்வது பொதுவான விளக்கம் மட்டும்.

அண்ணை, வயது 44, கராஜ் வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக நாரி உளைவு, தலையிடி, விடிய மூன்று மணிக்கு முழிப்பு. ஸ்கேன் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை. இப்போது மனநலக் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்திருக்கிறார்கள். எனக்கென்ன விசரா?

இல்லை. விடியப்புறம் முழித்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பது மனச்சோர்வில் அடிக்கடி வருவதுதான். ‘மனம் சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு வருகிற ஆண் அருமை. நாரி, நெஞ்சு, வயிறு என்றுதான் வருவார்கள், இல்லாவிட்டால் வீட்டில் எரிந்து விழுகிறார் என்று மனைவி சொல்லித் தெரியவரும். உங்கள் நோ பொய் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு கிழமைக்கு மேல், பெரும்பாலான நாட்களில் மனம் விழுந்து கிடக்கிறதா, விருப்பமாகச் செய்தவற்றில் விருப்பம் போய்விட்டதா, நித்திரையும் பசியும் எப்படி என்றுதான் அங்கே கேட்பார்கள். தைரொயிட் பார்த்தார்களா என்றும் கேளுங்கள், அது குறைந்தாலும் இதே மாதிரிச் சோர்வு வரும்.

மனுசன் கட்டாரில் ஏழு வருடம் இருந்து வந்தவர். வந்ததிலிருந்து பிள்ளைகளோடு கதை இல்லை, பின்னேரமானால் தவறணை. ‘உங்களுக்கு ஏதோ மனவருத்தம்’ என்றால் கோப்பை பறக்கிறது.

தங்கச்சி, வருத்தத்தின் பெயரை நீங்கள் சொல்லவேண்டாம், கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். ‘மூன்று கிழமையாக நீங்கள் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை, எனக்குப் பயமாயிருக்கு, டொக்டரிட்டை ஒருக்கால் போவமா’ என்று, அதுவும் காலையில், குடிக்காத நேரத்தில். மதுசாரம் முதலில் கண்ணயர வைக்கும், பின்னிரவு நித்திரையைக் கெடுக்கும், அடுத்த நாள் மனத்தை இன்னும் கீழே இழுக்கும். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம், அதை டொக்டரிடம் சொல்லித்தான் செய்யவேண்டும். இன்னொன்று, மனச்சோர்வு அடிப்பதற்குச் சாட்டு இல்லை. கை நீட்டினால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போங்கள், வைத்தியத்தைப் பிறகு பார்க்கலாம்.

வயது 28. உளவளத்துணைக்கு மூன்று தரம் போய்விட்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், ஒரு புத்திமதியும் இல்லை. நண்பனோடு குளத்தடியில் இருந்து கதைத்திருந்தால் காசாவது மிஞ்சியிருக்கும்.

தம்பி, இதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். சலூனில் முடியைக் கோணலாக வெட்டினாலும் ‘நல்லாயிருக்கு அண்ணை’ என்று காசைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் வேறு கடை தேடுகிற ஆட்கள் நாங்கள். அடுத்த தரம் போய்க் கதிரையில் இருந்தவுடன் இதையே சொல்லுங்கள். நல்ல உளவளத்துணையாளர் என்றால் வேலையே அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும், கோபித்துக்கொண்டால் ஆளை மாற்றுங்கள். புத்திமதி இதுவரை பெரியப்பாமார் சொன்னதே காணும்.

என்னிடம் வருகிற ஆண்கள் 45 நிமிடம் காணி வழக்கு, லீசிங் காசு எல்லாம் கதைத்துவிட்டு, எழும்பிச் செருப்பைப் போடும்போதுதான் ‘சேர், இன்னொரு சின்ன விஷயம்’ என்பார்கள். வந்ததே அந்தச் சின்ன விஷயத்துக்குத்தான், ஆனால் வெளியில் அடுத்த ஆள் காத்திருப்பார். செருப்படியில் சொல்வதை முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். வாயில் வராவிட்டால் போனில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். நானும் ஒரு காலம் அந்தப் பக்கத்துக் கதிரையில் இருந்தவன், அப்பா செத்த பிறகு. செத்துப்போன மனுசனில் எனக்குக் கோபம் என்று ஆறாவது தரம்தான் சொன்னேன், முந்தின ஐந்து தரமும் அரசியல் கதைத்தோம்.

அப்புறம், ‘சந்தோசமாக இருக்கவேண்டும்’ என்பதை அளக்க முடியாது. ‘கிழமைக்கு மூன்று நாள் பின்னேரம் பந்தடிக்கப் போகவேண்டும்’ என்பதை அளக்கலாம். மனம் வரட்டும், பிறகு போவோம் என்று இருப்பதுதான் மனச்சோர்வின் பொறி, அதனால்தான் மனம் வராமலே செய்யும்படி சின்னச் சின்ன வேலைகளை வீட்டுக்குத் தந்துவிடுவோம். அதைச் செய்யாமல் வந்தாலும் பரவாயில்லை, ஏன் செய்யவில்லை என்பதைக் கொண்டு வாருங்கள். சிந்தனை, நடத்தை சார்ந்த சிகிச்சை பொதுவாக 8 முதல் 20 தரம் வரை போகும், மூன்று தரம் கொஞ்சம். ஆறேழு தரம் போயும் ஒரு அசைவும் இல்லை என்றால் திட்டத்தை மாற்றுவோமா என்று நீங்களே கேளுங்கள்.

குளிசை போட்டால் வாழ்நாள் முழுக்கப் போடவேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு இல்லை. வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு கிழமை ஆகும், ஆனால் வயிற்றுக் குழப்பம் முதல் கிழமையிலேயே வரும். அந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். புளுவொக்சற்றின், சேர்ட்ரலின் போன்றவை மதுவைப் போல அடிமையாக்குவதில்லை, ஆனால் நினைத்த நாளில் நிறுத்தக்கூடாது. தாம்பத்தியத்தில் ஆசை குறையலாம். வெட்கத்தில் அதைச் சொல்லாமல் குளிசையைக் குப்பையில் போடுகிறவர்கள் நிறையப் பேர். டொக்டருக்குச் சொல்லுங்கள், அளவை அல்லது மருந்தை மாற்ற இடமிருக்கிறது.

எங்கள் ஊரில் எல்லாரும் சொந்தம். கிளினிக்கில் யாராவது கண்டால்?

காணத்தான் போகிறார்கள், அவர்களும் அங்கேதானே வந்திருப்பார்கள்! பகிடி கிடக்கட்டும். போதனா வைத்தியசாலை கஷ்டம் என்றால் தெல்லிப்பழைக்குப் போங்கள், இரண்டு இடத்திலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. நீங்கள் சொல்வதை உளவளத்துணையாளர் வெளியில் சொல்லக்கூடாது. உங்களுடைய அல்லது இன்னொருவருடைய உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அது மாறும். அந்த எல்லையை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2009இல் நடந்ததை எல்லாம் சொல்லவேண்டி வருமா?

நீங்கள் சொல்ல நினைக்கும்போது. நித்திரையிலிருந்து தொடங்கினாலும் சிகிச்சைதான். ‘அதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நண்பர் ஒருவர் (உண்மையிலேயே நண்பர்) ‘நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி’ என்கிறார். கேட்டால் நானே எண்ணத்தைக் கொடுத்தது போலாகுமா?

ஆகாது. ‘சாக யோசிக்கிறியா?’ என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஓம் என்றால் தனியே விடவேண்டாம். தோட்டத்து மருந்துகளை அந்த வீட்டிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இலங்கையில் கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்த பிறகுதான் தற்கொலைச் சாவுகள் நன்றாகக் குறைந்தன, அந்த அவசர நேரம் கடந்தால் பிழைக்கிறவர்கள் அவ்வளவு பேர். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவும் எடுக்கலாம். ஏதும் நடந்துவிட்டால் அம்புலன்சுக்கு 1990. பொலிஸ் வழக்கு என்று பயந்து வீட்டில் வைத்திருக்கவேண்டாம், தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டத்தை 1998இலேயே எடுத்துவிட்டார்கள். ‘நாளைக்குப் போ’ என்று சொல்லிவிட்டு வரவேண்டாம். மோட்டச்சைக்கிளில் நீங்களே ஏற்றிக்கொண்டுபோய், கிளினிக் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருங்கள்.