சாய்தளத்துக்கு விலக்குக் கோரும் விண்ணப்பம் குறித்து

பழைய கட்டடத்தின் முன்வாசல் 45 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், சாய்தளத்துக்கு இடமில்லாததால் மாற்றுத்திறனாளிகளும் கட்டடத்துக்குள் வந்துபோக வழிசெய்யும் அணுகல் விதிகள் அனைத்திலிருந்தும் விலக்குக் கோரவிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அனைத்துக்கும் கேட்க வேண்டாம்; எந்த விதியை, எந்த இடத்தில், ஏன் நிறைவேற்ற இயலவில்லை என்பதை மட்டும் குறிப்பிடுங்கள். பரவலாகப் பின்பற்றப்படும் 1:12 சரிவின்படி (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) 5.4 மீட்டர் நீளச் சாய்தளமும், அதன் இரு முனைகளிலும் சக்கர நாற்காலி திரும்பச் சமதளமும் தேவைப்படும் என்பதால், வாசலுக்கும் மனையின் எல்லைக்கும் உள்ள தூரத்தை அளவு வரைபடத்தில் காட்டினாலே இடமின்மை விளங்கிவிடும். செலவு அதிகம் என்ற காரணம் மட்டும் பெரும்பாலும் எடுபடாது. பக்கவாசல் வழி போன்ற மாற்று ஏற்பாட்டையும் விண்ணப்பத்திலேயே முன்வையுங்கள். படியேற இயலாதவரும் உள்ளே வர வேண்டுமல்லவா? ஒப்புதலை எழுத்தில் பெற்ற பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.