விடிய விடிய பந்தல்: கொல்கத்தா துர்கா பூஜை, கேள்வி பதில்

தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு துர்கை சிலை வைக்கும் கொல்கத்தா துர்கா பூஜைக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கே (திருச்சி): முழு பூஜைக்கும் லீவு கிடைக்காது. மூணு ராத்திரிதான். எந்த மூணு?

கலையைப் பார்க்க வருகிறீர்கள் என்றால் திருதியை, சதுர்த்தி, பஞ்சமி. சடங்குகள் சஷ்டியில்தான் தொடங்கும். ஆனால் பெரிய பந்தல்கள் பலவற்றை அதற்கு முன்பே திறந்துவிடுகிறார்கள். கூட்டமும் தாங்கக்கூடிய அளவில் இருக்கும்.

பூசையும் மேளமும் வேண்டும் என்றால் சஷ்டி, சப்தமி, அஷ்டமி. அஷ்டமியின் கடைசி 24 நிமிடமும் நவமியின் முதல் 24 நிமிடமும் சேர்ந்த 48 நிமிடம்தான் சந்தி பூஜை. 108 தாமரை, 108 விளக்கு. திதிக் கணக்கு என்பதால் ஓராண்டு நடுப்பகலில் வரும், இன்னோராண்டு நள்ளிரவில் வரும். பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகே அன்றைய திட்டத்தைப் போடுங்கள்.

கே (சென்னை): ஒரு ராத்திரிக்கு எத்தனை பந்தல் பார்க்கலாம்? நண்பர் முப்பது பார்த்தேன் என்கிறார்.

ஏழு, எட்டு. முப்பது பந்தலுக்குள் கால் வைத்துவிட்டு வரலாம், பார்த்ததாகாது. ஓர் இரவுக்கு ஒரு பேட்டை, அதுவும் நடந்து. மாலையிலிருந்தே போலீஸ் பல தெருக்களை அடைத்துவிடும். டாக்ஸி எடுத்தவர்கள் வண்டிக்குள்ளேயே இரவைக் கழிப்பார்கள்.

வடக்குக்கு: ஷோபாபஜார் சுதானுட்டி மெட்ரோவில் இறங்கி ஆஹிரிடோலா, குமார்துலி பார்க், அப்படியே வடக்கே நடந்து பாக்பஜார். திரும்ப ஷ்யாம்பஜார் மெட்ரோ. தெற்குக்கு: காளிகாட் மெட்ரோவை ஒட்டியே பாதாம்தலா ஆஷார் சங்கமும் 66 பள்ளியும். பிறகு தேசப்பிரியா பார்க், திரிதாரா, கடைசியாக கரியாஹாட் பக்கம் சிங்கி பார்க், ஏக்டாலியா எவர்கிரீன். இடையில் லேக் மார்க்கெட் வரும். தென்னிந்தியர்கள் தலைமுறைகளாக இருக்கும் பகுதி, காபிக்குக் கவலை இல்லை.

சப்தமி, அஷ்டமி, நவமி மூன்று இரவும் மேலே சொன்ன நிலையங்கள் இருக்கும் நீல வழி மெட்ரோ விடியற்காலை வரை ஓடுவது வழக்கம். ஸ்மார்ட் கார்டில் பகலிலேயே பணம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் டிக்கெட் வரிசை பந்தல் வரிசையைவிட நீளமாக இருக்கும்.

கே (கோவை): அக்கா, அம்மாவுக்கு 68 வயசு. கூட்டம்னா பயப்படுவாங்க. கூட்டிட்டு வரலாமா?

தாராளமாக. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். காலை 5 முதல் 9 வரை பந்தல்கள் ஏறக்குறைய காலி. விளக்கலங்காரம் கிடைக்காது, ஆனால் சிலையை நின்று பார்க்கலாம். விளக்கும் வேண்டும் என்றால் காலேஜ் ஸ்கொயர் ஒன்றுக்கு மட்டும் மாலை இருட்டியதும் போங்கள். குளத்தில் விழும் வெளிச்சம்தான் அங்கே விசேஷம், எதிர்க்கரையில் நின்றே பார்த்துவிடலாம்.

நெரிசல் விளையாட்டுக் காரியம் அல்ல. 2015இல் தேசப்பிரியா பார்க்கில் 'உலகத்திலேயே பெரிய துர்கை' என்று விளம்பரம் செய்து, பஞ்சமி அன்றே கூட்டம் தாங்காமல் பந்தலை மூட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு எதைப் பற்றி ஊரே பேசுகிறதோ, அதை அம்மாவின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் வேறு. 'வாசலில் சந்திப்போம்' என்று சொல்லிப் பிரிந்தவர்கள்தான் தொலைகிறார்கள், போனும் அந்த நேரம் பார்த்துக் கிடைக்காது. பந்தலுக்கு வெளியே ஒரு மருந்துக்கடையையோ மெட்ரோ வாசலையோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கே (மதுரை): எல்லாப் பந்தலிலும் அதே துர்கைதானே? என்ன வித்தியாசத்தைப் பார்க்கிறது?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். முதலில் பின்சட்டத்தைப் பாருங்கள். துர்கை, பிள்ளைகள், சிங்கம், அசுரன் எல்லாரும் ஒரே அரைவட்டச் சட்டத்துக்குள் இருந்தால் அது 'ஏக்சாலா', பழைய முறை. பாக்பஜாரில் இன்றும் அதுதான். தனித்தனியாக நின்றால் பிற்கால முறை.

அடுத்து அலங்காரம். பளபளக்கும் வெள்ளித் தகடு என்றால் 'டாக்கேர் சாஜ்', தபாலில் வந்த அலங்காரம். ஒரு காலத்தில் தகடு ஜெர்மனியிலிருந்து தபாலில் வந்ததால் அந்தப் பெயர். தந்தம் போல வெள்ளை வெளேரென்று, மினுக்கம் இல்லாமல் இருந்தால் 'ஷோலா'. நம் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு எடுக்கிற அதே நெட்டிதான். கிட்டப் போய்ப் பார்த்தால் தாள் மாதிரி சீவின நெட்டியில் ஒவ்வொரு இதழும் தனியாக வெட்டி ஒட்டியிருப்பது தெரியும்.

பிறகு குடும்பம். நமக்கு இடப்பக்கம் லட்சுமியும் பிள்ளையாரும், வலப்பக்கம் சரஸ்வதியும் கார்த்திகேயனும். நான்கு பேரும் துர்கையின் பிள்ளைகள். அம்மா பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள் என்பதுதான் வங்காளிகளின் கணக்கு. நம் முருகனை அங்கே வள்ளி தெய்வானை இல்லாமல், மீசை வைத்த மாப்பிள்ளைக் கோலத்தில் பார்க்கலாம்.

பிள்ளையார் பக்கத்தில் சிவப்புக் கரைப் புடவை சுற்றி, தலை குனிந்து ஒரு வாழைக்கன்று நிற்கும். பிள்ளையாரின் மனைவி என்று ஊரே சொல்லும், அது சரியல்ல. வாழையோடு சேம்பு, மஞ்சள், வில்வம், மாதுளை, நெல் என ஒன்பது செடிகளைக் கட்டிய 'நவபத்ரிகா' அது. சப்தமி விடியலில் ஆற்றில் குளிப்பாட்டிக் கொண்டுவருவார்கள். துர்கையின் வடிவமே அது.

கடைசியாகப் பந்தல். மூங்கிலும் துணியும்தான் அடிப்படை. அதன்மேல் அந்த ஆண்டின் கருப்பொருளுக்கு ஏற்ப மண், சணல், தகரம், பழைய துணி என்று எதையும் ஏற்றுவார்கள். 2020இல் பெஹாலா பகுதியில் பந்தல் போடும் பரிஷா கிளப், ஊரடங்கில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த தொழிலாளித் தாயைத் துர்கையாக வைத்தது. சொல்லவே வேண்டிய ஒன்று: அவர்கள் 'ப்யாண்டேல்' என்பது நம் பந்தல் என்ற சொல்தான்.

கே (சேலம்): குமார்துலியில் சிலை செய்வதை எப்போது பார்க்கலாம்?

பூஜைக்கு மூன்று, நான்கு வாரம் முன்னால். எல்லாக் கட்டமும் ஒரே சந்தில் கிடைக்கும்: மூங்கில் சட்டம், அதில் சணல் கயிற்றால் கட்டிய வைக்கோல் உடம்பு, உமி கலந்த ஒட்டும் களிமண் முதல் பூச்சு, காய்ந்தபின் மெல்லிய மண் பூச்சு. வெடித்த இடங்களில் குழைத்த மண்ணில் நனைத்த துணிப் பட்டையை ஒட்டுவார்கள். தலை அச்சில் வரும், விரல்களைத் தனியே செய்து பொருத்துவார்கள். அதன்மேல் வெள்ளைப் பூச்சு, வண்ணம். பழைய முறையில் வண்ணத்தைப் பிடித்து நிறுத்துவது புளியங்கொட்டைப் பசை. கண் திறப்பது வழக்கப்படி மகாளய அமாவாசை அன்று.

மழை விடாமல் பெய்தால் மண் காயாது. ஈரத்தின் மேல் வண்ணம் பூசினால் உரியும். அதனால்தான் தீக்குழாயும் மின்விசிறியும் வைத்துக் காயவைக்கிறார்கள். சந்து ஓர் ஆள் அகலம். முதுகுப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் யாருடைய விரலையாவது உடைத்துவிடுவீர்கள். படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள்.

கே (புதுச்சேரி): போனில் எடுத்தால் அம்மன் முகம் வெளுத்துப் போகிறது.

முகத்தின் மேல் விரலை வைத்து ஃபோகஸ் செய்து, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், தகடு எதிரொளிக்கும். முக்காலியை உள்ளே விடமாட்டார்கள்.

கே (கும்பகோணம்): நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

வேண்டாம். அஷ்டமி அன்று பல வீடுகளில் பூரி போன்ற லூச்சியும் கடலைப்பருப்பும்தான். பந்தலில் பிரசாதச் சாப்பாடான போக் கிடைத்தால் அரிசி பருப்புக் கிச்சடி, கலவைக் காய் லாப்ரா, தக்காளிச் சட்னி, பாயசம் போன்ற பாயேஷ். சைவத்துக்கு 'நிராமிஷ்' என்று கேளுங்கள். ஆனால் 'நிராமிஷ் மாங்ஷோ' என்றால் வெங்காயம் பூண்டு போடாத ஆட்டுக்கறி! தெருவோர ரோல் கடையில் முட்டைக்கும் கறிக்கும் அதே தவா, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கே (நெல்லை): தாக் மேளம் எங்கே நன்றாகக் கேட்கலாம்?

சியால்தா ரயில் நிலைய வாசல், சதுர்த்தி, பஞ்சமி. கிராமங்களிலிருந்து வரும் மேளக்காரர்கள் வேலை பிடிக்க அங்கேதான் கூடி வாசித்துக் காட்டுவார்கள். மேளத்தில் வெள்ளை இறகுக் குஞ்சம், பக்கத்தில் ஒரு சிறுவன் வெண்கலத் தட்டில் தாளம். ஒலிபெருக்கி இல்லாத தாக் அது.

கே (பெங்களூரு): பந்தல் தவிர இரவில் பாட்டு கேட்க இடம்?

பார்க் ஸ்ட்ரீட். ட்ரிங்காஸ் உணவகத்தில் மேடைப் பாட்டு இன்றும் உண்டு. சென்னை மவுண்ட் ரோடு 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில் பாடத் தொடங்கிய பாடகி உஷா உதுப், 1960களின் இறுதியில் காஞ்சிபுரப் பட்டும் பெரிய பொட்டுமாகப் பாடிய மேடை அது. பூஜை நாட்களில் மேசையை முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

கே (ஈரோடு): மழை வந்தால்?

வரும். பருவமழை விலகுவதே அக்டோபர் நடுவில்தான். 2025 செப்டம்பர் 23 அன்று, பூஜைக்குச் சில நாள் முன்னால், ஊரே வெள்ளத்தில் நின்றது. தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து ஆட்கள் இறந்தார்கள். அலங்கார விளக்கு வயர் தெருவெல்லாம் ஓடும் நேரம் இது. தண்ணீர் தேங்கிய தெருவில் கம்பத்தையோ இரும்புத் தடுப்பையோ தொடாதீர்கள், முடிந்தால் அந்தத் தெருவையே விட்டுவிடுங்கள்.

கே (வேலூர்): தசமி அன்று சிலை கரைப்பைப் பார்க்க எங்கே நிற்பது?

மாலையில் ஹூக்ளி ஆற்றுப் படித்துறையான பாபுகாட் பக்கம், படிக்கட்டில் இறங்காமல் மேலேயே. சிலை தண்ணீருக்குள் போன சற்று நேரத்தில் கிரேன் சட்டத்தை வெளியே தூக்கிவிடும். பரிசு வாங்கிய பெரிய சிலைகளை அங்கே தேடாதீர்கள். அவை சில நாள் கழித்து ரெட் ரோடு ஊர்வலத்துக்குப் பிறகுதான் கரையும். தசமி இரவு மெட்ரோ விடிய விடிய ஓடாது. கடைசி வண்டி நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.