கொட்டியதற்கெல்லாம் டெஸ்ட் வேண்டுமா? பூச்சிக்கடி ஒவ்வாமை: கேள்வி பதில்

கேள்வி (பொள்ளாச்சி): தோப்பில் கடந்தை (குளவி) கொட்டி, புறங்கையிலிருந்து முழங்கை வரை வீங்கி மூன்று நாள் இருந்தது. அலர்ஜி டெஸ்ட் எடுக்கட்டுமா டாக்டர்?

பதில்: வேண்டாம். வீக்கம் கொட்டிய கையோடு நின்றுவிட்டது. அடுத்த முறை உடம்பு முழுக்கப் பரவுவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான்.

கேள்வி (ஈரோடு): அம்மாவுக்குத் தேனீ கொட்டிய பத்தே நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சிரைத்து, மயங்கிவிட்டார். நான்காம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: கூடாது. நீங்கள் சொன்ன கதைதான் நோயறிதலில் பாதி. கொட்டிய சில நாளில் ஒவ்வாமை எதிர்ப்பொருள் செலவழிந்து, ரிசல்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து ரத்தமும் தோல் சோதனையும் பாருங்கள். முன்கையில் நீர்த்த விஷத்தை ஒரு சொட்டு வைத்துக் குத்துவார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே தடிக்கக் கூடாத உப்புநீர் ஒன்று, தடிக்க வேண்டிய ஹிஸ்டமின் ஒன்று. கால் மணி நேரத்தில் தடிப்பை அளப்பார்கள். எழவில்லை என்றால் தோலுக்குள் ஊசியாகப் போட்டு, படிப்படியாகச் செறிவைக் கூட்டுவார்கள். ஒரு வாரம் முன்பே ஏவில், செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும்.

ஒன்று கேளுங்கள்: அவர்கள் வைத்திருப்பது சுத்தமான விஷமா, பூச்சியை முழுசாக அரைத்த சாறா? 1978இல் அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒவ்வாமையைத் தணிக்கும் ஊசி சிகிச்சையில் அந்தச் சாறு மருந்தில்லாத ஊசியைவிட மேலாக இல்லை. சோதனைக்கும் அதை நம்ப முடியாது.

அதுவரை மறுபடி மூச்சு முட்டினால் ஏவில் போட்டுக் காத்திருக்காதீர்கள். தொடையில் அட்ரினலின் ஊசி.

கேள்வி: எனக்கு எதுவும் ஆனதில்லை. முன்னெச்சரிக்கையாக டெஸ்ட்?

பதில்: வேண்டாம். கொட்டி ஒன்றும் ஆகாதவர்கள் பலருக்கும் பாசிட்டிவ் வரும். வீணாகப் பயப்படுவீர்கள்.

கேள்வி: என் குழந்தைக்கு முன்கூட்டியே...

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: சுண்ணாம்பு தடவலாமா?

பதில்: எரிச்சலுக்குப் பாட்டியைக் கேளுங்கள். மூச்சுத்திணறலுக்கு அட்ரினலின்.

கேள்வி (மார்த்தாண்டம்): இருபது வருசமா தேனீப் பெட்டி வச்சிருக்கேன். கொட்டு பழகிட்டா அலர்ஜி வராது டாக்டர். நீங்க சும்மா பயமுறுத்துறீங்க.

பதில்: பாதி சரி அண்ணாச்சி. வருசத்துக்கு இருநூறு கொட்டு வாங்குகிறவரைவிட, இருபது வாங்குகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். உங்களுக்கு எத்தனை?

— முப்பது இருக்கும். ஆனா எனக்கு ஒண்ணும் ஆகல.

பெட்டி திறக்கும்போது தும்மல், மூக்கு ஒழுகல்?

— வரும். அது புகைக்கு.

புகை போடாத நாளில்?

— ...வரும்.

கொட்டாத இடத்தில் எப்போதாவது தடித்ததா?

— போன மாசம் வயித்துல தடிச்சது. கொட்டினது காதுல.

அதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டாமா! கடைசியாகக் கொட்டியது எப்போது?

— நேத்து.

சரி. இன்னும் ஆறு வாரத்துக்குப் பெட்டியை வேறொருவர் திறக்கட்டும். அப்புறம் டெஸ்டுக்கு வாருங்கள்.