வாசகர் கேள்வி: விதையில்லா வாழை

கேள்வி: பூவன் வாழையில் விதையே இல்லை. பிறகு எப்படிப் பெருகுகிறது? எந்தக் கன்றை எடுத்து நடலாம்?
– வாசகி, குளித்தலை

பதில்: பூவனின் செல்லில் குரோமோசோம்கள் 33, அதாவது 11 வீதம் மூன்று தொகுதி. இனச்செல் உருவாகும்போது மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் விதை பிடிப்பதில்லை. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கின் பக்க மொட்டுகளே கன்றுகளாக முளைக்கின்றன. தாய் ஒன்றுதான், கன்று அதன் அச்சு அசல்.

இலை வாள்போல் குறுகி, அடி பருத்து நிற்கும் ஈட்டிக்கன்றையே எடுங்கள். இளசிலேயே அகன்ற இலை விட்டிருப்பது நீர்க்கன்று. தாய்க்கிழங்கோடு அதற்குப் பிடிப்பு குறைவு, சேமிப்பும் குறைவு, குலை சிறுக்கும். கிழங்கு ஒன்றரை முதல் 2 கிலோ இருக்கட்டும். வேர்களையும் அழுகிய பகுதியையும் சீவி, தண்டைக் கிழங்கிலிருந்து 20 செ.மீ. விட்டு நறுக்குங்கள். சீவிய இடம் வெள்ளையாக இருக்க வேண்டும். செம்பழுப்புப் புள்ளியோ கோடோ தெரிந்தால் வாடல் நோயாக இருக்கலாம்; அந்தக் கன்று வேண்டவே வேண்டாம். நல்ல கிழங்கை லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த நீரில் 5 நிமிடம் முக்கி, ஒன்றரை அடிக் குழியில் நடுங்கள்.

இலைகள் சிறுத்து உச்சியில் கொத்தாக நிற்கும் முடிக்கொத்து நோய்க்கு எந்த மருந்துக் குளியலும் உதவாது. அது வைரஸ், தாய்க்கு இருந்தால் கன்றுக்கும் வரும். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டுத் தெரிகின்றனவா என்று தாய்மரத்தை முதலில் பாருங்கள்.