டாவின்சி கோட்: எது நிஜம்?

கேள்வி: ‘டாவின்சி கோட்’ நாவலின் தொடக்கத்தில், சீயோன் மடம் 1099இல் தொடங்கிய உண்மையான ரகசிய அமைப்பு என்று போட்டிருக்கிறதே, நிஜமா?

பதில்: இல்லை. அது 1956இல் பிரான்சில் பியர் பிளான்டாரும் நண்பர்களும் பதிவு செய்த சங்கம். ஓவியர் லியோனார்டோ டாவின்சியை அதன் தலைவராகக் காட்டும் பட்டியல், 1960களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்ட போலித் தாள்களில் இருப்பது.

ஆனால் நாவலில் வரும் பாரிஸின் சென் சுல்பீஸ் தேவாலயம் நிஜம். தரையில் ஓடும் பித்தளைக் கோடும் நிஜம். நானே குனிந்து தொட்டிருக்கிறேன். நாவலின் புதிரைவிட எனக்கு அதுதான் பெரிய அதிசயம். தெற்கு ஜன்னலில் சின்னத் துளை. நண்பகலில் அதன் வழியே விழும் வெயில் வட்டம், கோட்டைத் தொடும் இடம் நாளுக்கு நாள் நகரும். பகலும் இரவும் சமமாகும் வசந்தகாலச் சமநாளைப் பார்த்து ஈஸ்டர் தேதியைக் கணிக்க, 18ஆம் நூற்றாண்டில் அமைத்தார்கள்.