உறுதியாகச் சொல்கிறேன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரவல் வாங்கி ஒரு மொழிபெயர்ப்பு நாவல் வாசித்தேன். 1868 இல் லண்டனில் நடக்கிற கதை. பணக்கார இளம் விதவை ஒருத்தியை இரண்டு பேர் விரும்புகிறார்கள். அவளுடைய முதல் கணவனுக்கு விஷம் வைத்தது யார் என்பது கிளைக்கதை. கடைசியில் நல்லவனையே கட்டுகிறாள். ஆனால் கலியாணம் முடிந்ததும் "இனி எனக்கென்று ஒன்றுமில்லை" என்று சிரிக்கிறாள். சொத்தெல்லாம் எங்கே போனது? என் கைக்கு வந்த பிரதியில் பக்கம் ஏதும் கிழிந்துவிட்டதா?
– ஒரு வாசகி, மல்லாவி

பதில்: பக்கம் கிழியவில்லை, தங்கச்சி. சொத்து தேவாலயத்திலேயே கைமாறிவிட்டது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் விதவை தன் சொத்துக்குத் தானே எசமானி. மறுபடி மோதிரம் போட்டதும் காசு, நகை, தளபாடம் எல்லாம் புதுக் கணவனுடையவை. நிலம் அவள் பெயரில் இருக்கும், அதன் வருமானம் அவன் கைக்குப் போகும். விஷயம் தெரிந்த பணக்காரர்கள் கலியாணத்துக்கு முன்பே சொத்தை நம்பிக்கைப் பொறுப்பாளர்களின் பெயரில் எழுதிவைத்துத் தப்பித்தார்கள். மனைவி உழைத்த கூலி அவளுக்கே என்று 1870 இல் ஒரு சட்டம் வந்தது. முழுச் சொத்தும் அவளுடையதே என்று ஆனது 1882 ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். உங்கள் நாவல்காரர் கதையை 1868 இல் வைத்தது தற்செயல் இல்லை. பதினைந்து வருஷம் தள்ளி வைத்திருந்தால் வில்லனுக்கு அவளைக் கட்டி ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்தக் காலத்துக் காதல் கதைக்குள் மர்மம் தானாக வந்து குந்திக்கொள்வது இதனால்தான். "உன்னைக் கட்டுகிறேன்" என்று முழங்காலில் நிற்பவன் காதலனா கள்ளனா என்று பதிவேட்டில் கையெழுத்து வைக்கும்வரை அவளுக்குத் தெரியாது. கொலையே நடக்காவிட்டாலும் அங்கே துப்பறிய வேலை இருக்கிறது.

நான் பிரக்கிராசியார் ஒருவரின் கந்தோரில் 29 வருஷம் கிளாக்காக இருந்து காணி உறுதி எழுதியவன். நாவல் வாசித்தாலும் கண் முதலில் சொத்துப் பக்கம்தான் போகும். (முத்தக் காட்சியில்கூட நான் சாட்சி யாரென்று பார்ப்பதாக வீட்டில் பகிடி.) எங்கள் பக்கத்துத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் வைத்தார்கள். அதில் முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறது. பெண் கொண்டுவந்த சீதனம் பெண்ணுடையது. லண்டன் சீமாட்டிக்கு இல்லாத உரிமை, காகிதத்திலாவது, எங்கள் கிழவிகளுக்கு இருந்தது.

"காகிதத்திலாவது" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மீள்குடியேற்றம் தொடங்கிய வருஷம் ஒரு அம்மா பிஸ்கட் ரின் ஒன்றோடு வந்தா. உள்ளே உறுதி, நாலாக மடித்தது. ஈரம் பட்டு மடிப்புகள் ஒட்டிப்போய், எல்லை எழுதிய இடத்தில் 'வடக்கு: ஒழுங்கை' என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. "இது என்ர சீதனக் காணி தம்பி, அவற்ற பேர் இதில ஒரு இடத்திலயும் இல்லை" என்றா. உண்மைதான். ஆனால் விற்பதென்றால் கணவனின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தரவேண்டியவர் 2009 இலிருந்து எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. கோட்டில் விண்ணப்பம் போட்டு அனுமதி எடுத்த பிறகுதான் அலுவல் நடந்தது. கையெழுத்து வைக்க முதல் அந்த அம்மா என்னிடம் கேட்டது: "அவர் திரும்பி வந்தால் கோவிப்பாரோ?"

கேள்வி: 1850 இல் நடக்கும் கதை ஒன்றில், மதுக்கிண்ணத்தில் இருந்த கைரேகையை வைத்து ஸ்கொட்லண்ட் யார்ட் கொலைகாரனைப் பிடிக்கிறது. நம்பலாமா?
– ஒரு வாசகர், முள்ளியவளை

பதில்: நம்பவேண்டாம். ஸ்கொட்லண்ட் யார்டில் கைரேகைப் பிரிவு தொடங்கியது 1901 இல். அந்த வருஷம் பிறந்து மாதம் முடியமுதலே விக்டோரியா மகாராணி கண்ணை மூடிவிட்டார். ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 1858 இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹேர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, வீதிக்குக் கல் ஏற்றித் தர வந்த ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையில் மை பூசி ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதித்துக்கொண்டார். பின்னாளில் தன் கையெழுத்தே இல்லை என்று சொல்லாமல் இருக்கத்தான்! கள்ளனைப் பிடிப்பதற்கு முன்பே கைரேகை எங்கள் தொழிலுக்கு வந்துவிட்டது.

கேள்வி: இப்படிப்பட்ட நாவலில் காதல் கூடவா, மர்மம் கூடவா இருக்கவேண்டும்?
– ஒரு வாசகி, நெடுங்கேணி

பதில்: காதல். கொலைகாரனை எழுபதாம் பக்கத்தில் நான் கண்டுபிடித்துவிட்டாலும் மிச்சத்தை வாசிக்க ஒரு ஆசை இருக்கவேண்டுமே.

கேள்வி: ஐயா, நானே ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். இங்கிலாந்தில் வைப்பதா, வன்னியில் வைப்பதா என்று குழப்பம். ஒரு தடயமும் தந்து உதவுங்கள்.
– ஒரு மாணவி, வவுனியா

பதில்: இங்கிலாந்து என்றால் மரணசாதனத்தை, அதாவது உயிலை, பிடியுங்கள். 1837 ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும், சாட்சி வைத்தவனுக்கு அதில் எழுதிய பங்கு கிடைக்காது. கிழவர் கையெழுத்து வைக்கும் நேரம் பார்த்து, குதிரைக்குப் புல் போடவேண்டும் என்று ஒருவன் வெளியே நழுவட்டும். தனக்குப் பங்கு இருப்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். நாயகிக்கு இது இருபது அத்தியாயம் கழித்து உறைத்தால் போதும்.

ஆனால் நான் வன்னியைத்தான் சொல்வேன். 1890 என்று வையுங்கள். நாயகனை ரயிலில் இறக்கிவிடாதீர்கள். யாழ்ப்பாணம் வரை ரயில் போனது 1905 இல். மாட்டுவண்டில்தான், காட்டுவழிதான். காசை ரூபாய், சதத்தில் எழுதலாம், 1872 இலிருந்து அதுதான் கணக்கு. தமிழில் முடியுமா என்று தயங்கவும் வேண்டாம். திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி' என்ற சரித்திரக் காதல் நாவலை 1895 இல், அதே மகாராணி காலத்திலேயே, எழுதிவிட்டார்.

தடயம் கேட்டீர்கள் அல்லவா? இலங்கையின் 1840 ஆம் ஆண்டுச் சட்டப்படி மரணசாதனம் நொத்தாரிசு (உறுதிகளை அத்தாட்சிப்படுத்துபவர்) ஒருவர் முன்னால், இரண்டு சாட்சிகளோடு நடக்கவேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். குளக்கட்டு உடைந்து வழி மூடிய மாரி இரவு, காட்டுக் கிராமம், சாகக் கிடக்கும் உடையார், பாயைச் சுற்றி ஐந்து பேர், ஒரு குப்பி விளக்கு. நாலு பேருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. உடையார் சொல்லச் சொல்ல எழுதியவன் ஐந்தாவது ஆள். அவன் எழுதியது உடையார் சொன்னதைத்தானா என்று முதலில் சந்தேகப்படுவது மகளா, அவளைக் கட்டக் காத்திருப்பவனா? அதை முடிவுசெய்துவிட்டு முதல் அத்தியாயத்தை அனுப்புங்கள். ஒற்றைப் பக்கத்தில் எழுதி, ஓரம் விட்டு.