கடல், மழை, வெயில்: காலநிலை மாற்றம் பற்றிக் குமரி மாவட்டத்தினரின் கேள்விகளும் பதில்களும்

இன்று மாலை வரை கேட்கலாம். நான் கடற்கரைப் பொறியியல் படித்துப் பணிசெய்தவன். கடலைப் பற்றி விரிவாகச் சொல்வேன், மற்றவற்றுக்குச் சுருக்கமான பதில்தான்.

தக்கலை, கல்லூரி மாணவி: ஐயா, பூமி சூடாவதற்கு ஓசோன் ஓட்டைதானே காரணம்?

இல்லை மகளே, அது வேறு சிக்கல். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரிவதாலும், காடு அழிவதாலும் காற்றில் கரியமில வாயு சேர்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. வெளியேற வேண்டிய வெப்பத்தை அது தடுத்து வைக்கிறது. அப்படித் தங்கும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் போகிறது.

தூத்தூர், விசைப்படகுத் தொழிலாளி: அண்ணா, ஒக்கி புயல் போல இனியும் வருமா?

வரலாம் தம்பி. 2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கை அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடல் போனவர்கள் பல நாட்களுக்கு முன்பே கரையை விட்டிருந்தார்கள். எச்சரிக்கை கரையில் ஒலித்தது, செல்போனும் வயர்லெஸும் எட்டாத தூரத்தில் அவர்கள் இருந்தார்கள். கடல் சூடாக இருந்தால் புயல் சட்டென்று வலுக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே செயற்கைக்கோள் வழியாகச் செய்தி தரும் டிரான்ஸ்பாண்டர் படகில் இருந்தே ஆக வேண்டும். அதை அணைத்து வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆரல்வாய்மொழி, கடைக்காரர்: காற்றாலைகள்தானே மழையை விரட்டுகின்றன?

இல்லை. காற்றாலை வருவதற்கு முன்பும் உங்கள் ஊர் வறண்ட ஊர்தான். தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது, கணவாய் வழியாக உங்களுக்கு வருவது காற்று மட்டுமே. அந்தக் காற்றில் மின்சாரம் எடுத்தால் அந்த அளவுக்கு நிலக்கரி எரிக்க வேண்டியதில்லை.

தேரூர், விவசாயி: கன்னிப்பூ நெல் போகத்துக்கு மழை பொய்க்கிறது, அடுத்த போகமான கும்பப்பூவில் வயல் மூழ்குகிறது. என்ன செய்வது?

ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. அதைத் தாங்கத்தான் நம் முன்னோர் குளத்துக்குக் குளம் கால்வாய் வெட்டினார்கள். குளத்தில் மண் கொட்டாதீர்கள், வயலை மனையாக்காதீர்கள். வெள்ளம் வந்தபின் வானத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. விதை ரகம் பற்றி வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

குலசேகரம்: ரப்பர் தோட்டமும் காடுதானே?

மரம் கரியைச் சேர்க்கும். ஆனால் ஒரே மரம் நட்ட தோட்டம் காடு ஆகாது.

ராஜாக்கமங்கலம், ஆசிரியை: 2024 மே மாதம் இங்கே ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது. அன்று புயலே இல்லையே?

அது கள்ளக்கடல். வெகுதொலைவில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் காற்று எழுப்பும் அலை சில நாட்கள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். கரையில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கிறது. அன்று பிள்ளைகளைக் கால் நனைக்கவும் விடாதீர்கள்.

வள்ளவிளை: எங்கள் வீடுகள் போய்க்கொண்டிருக்கின்றன. தூண்டில் வளைவு எப்போது வரும்?

தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர், அது மணலை உண்டாக்காது. கரையோரமாக நகரும் மணலை ஒரு பக்கம் பிடித்து வைக்கும், மறுபக்கம் பட்டினி கிடக்கும். உங்கள் ஊர் தப்பினால் பக்கத்து ஊர் அரிக்கும்.

வள்ளவிளை: சுவருக்கு அந்தப் பக்கம் கடல் நிற்கும்போது மணல் கணக்கு சொல்கிறீர்களே!

உங்கள் கோபம் நியாயம். வீடு விழப்போகிறவருக்கு இன்று கல் போடத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஊருக்கு ஊர் தனித்தனியாகக் கேட்டு வாங்குவதைத்தான் எதிர்க்கிறேன். நீரோடி முதல் கன்னியாகுமரி வரை ஒரே கரையாக எண்ணித் திட்டமிட வேண்டும்.

பக்கத்து ஊர்க்காரர்: ஐயா சொல்வது உண்மை. அங்கே கல் விழுந்தபின், கரையில் நின்று வலை இழுக்கும் எங்கள் கரைமடிக்கு இடமே இல்லை.

வள்ளவிளை: அப்படியானால் நாங்கள் ஊரைவிட்டுப் போகவா?

யாரும் போகச் சொல்லவில்லை. அணைகளில் தேங்கும் மணல் கடலுக்கு வருவதில்லை, துறைமுகச் சுவர்கள் மணலை மறிக்கின்றன, 1900க்குப் பிறகு உலகின் கடல்மட்டமும் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. மூன்றும் சேர்ந்துதான் உங்கள் வாசலில் நிற்கின்றன. துறைமுகத்தில் தூர்வாரும் மணலை அரிக்கும் கரையில் கொட்டச் சொல்லி நீங்களும் பக்கத்து ஊர்களும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள்.

மார்த்தாண்டம்: ஓசோன் ஓட்டையால்தான் வெயில்...

முதல் பதிலைப் படியுங்கள்.

குளச்சல்: சுனாமியும் இதனால்தானா?

இல்லை. அது கடலடி நிலநடுக்கம்.

நாகர்கோவில்: ஓசோன் பற்றி...

மூன்றாவது முறை. முதல் பதில்.

வள்ளவிளை: மனு கொடுத்தால் ஆதாரம் கேட்பார்களே?

ஆதாரத்தை நீங்களே உண்டாக்கலாம். குருசடி (சிலுவை நிற்கும் சிறு கோயில்) மேடையிலிருந்து நீர்விளிம்பு வரை மாதம் ஒருமுறை, வற்றுநேரத்தில், ஒரே இடத்தில் கயிறு பிடித்து அளந்து தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஆனி ஆடியில் கடல் எடுக்கும் மணல் பிறகு திரும்ப வேண்டும். எவ்வளவு திரும்பவில்லை என்பதே உங்கள் ஆதாரம். பக்கத்து ஊரும் அதே நாளில் அளக்கட்டும்.